‘ஜுராசிக் பார்க்’: வளர்ந்த பிறகு ஒரு மறுபார்வை

சின்ன வயசில் வாயைப் பிளந்து பார்த்த படம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். எனக்கு அது 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் வந்த ‘ஜுராசிக் பார்க்’. ஆரம்பப்பள்ளியில் படித்தபோது பார்த்தது. அண்மையில் மீண்டும் திரையரங்குக்கு வந்ததும், பழைய ஆசையோடு போய் உட்கார்ந்தேன்.

என் நினைவில் படம் முழுக்க டைனோசர்தான். ஆனால், 127 நிமிடப் படத்தில் அவை திரையில் தெரிவது ஏறத்தாழ 15 நிமிடம்தான்! அப்படியென்றால் மீதி நேரம் நம்மை நாற்காலியில் பிடித்து வைத்தது எது? காத்திருப்பு.

கொஞ்சம் கவனியுங்கள். டி-ரெக்ஸை வரவழைக்க வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டைக் கட்டி வைக்கிறார்கள். அது வரவில்லை. நமக்கும் ஏமாற்றம். பிறகு இருட்டு, மழை, மின்சாரம் நின்றுபோன வேலி. காருக்குள் குவளைத் தண்ணீரில் வட்ட வட்டமாய் அதிர்வு. திரும்பிப் பார்த்தால் ஆட்டைக் காணோம். விலங்கு வருவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. டி-ரெக்ஸ் தாக்கும்போது பின்னணி இசையே இல்லை என்பதையும் இந்த முறைதான் கவனித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. கடைசியில் வெலாசிராப்டர்கள் எல்லாரையும் சூழ்ந்து நிற்கும்போது, டி-ரெக்ஸ் எங்கிருந்தோ வந்து காப்பாற்றுகிறது. காலடி வைத்தாலே தண்ணீர் அதிரும் விலங்கு, கட்டடத்துக்குள் சத்தமே இல்லாமல் எப்படி வந்தது? படம் தான் வகுத்த விதியைத் தானே மீறுகிறது.

மாணவர்களே, “திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு” என்று நீங்கள் கதையை முடித்தால் நான் புள்ளியைக் குறைப்பேன். ஆனால், அந்த டி-ரெக்ஸ் வந்ததும் நானே கைதட்டிவிட்டேன்! ஏன் என்று வீடு திரும்பும்வரை யோசித்தேன். முன்பாதியில் இயக்குநர் பொறுமையாகச் சேர்த்து வைத்த நம்பிக்கைதான் முடிவில் உள்ள ஓட்டையை மன்னிக்க வைக்கிறது. நம் கதைகளில் பெரும்பாலும் அந்தச் சேமிப்பு இருப்பதில்லை. திடீர் முடிவு மட்டும் இருக்கிறது.

ஆசிரியர்களே, அந்த மழைக் காட்சியை வகுப்பில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். பிறகு, ‘பயம்’ என்ற சொல்லே வராமல், பயத்தை ஒரு பத்தியில் எழுதச் சொல்லுங்கள். குவளைத் தண்ணீர் மாதிரி ஒரு சின்னப் பொருளை மாணவர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டால், அன்றைய பாடம் வெற்றிதான்.