ஆற்றுப்படையும் அட்டவணையும்

இலக்கிய வகைகளுள் எளிதாக எழுதத்தக்கது பயணக் கட்டுரையே என்னும் எண்ணம் எழுத்தாளரிடையேயும் வாசகரிடையேயும் நிலவுகின்றது. புறப்பட்ட நேரம், ஏறிய ஊர்தி, தங்கிய விடுதி, கண்ட காட்சி, உண்ட உணவு, திரும்பிய நாள் என்று வரிசையாக எழுதிவிட்டால் கட்டுரை முடிந்துவிடுகின்றது. ஆனால், அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் ஐந்து கட்டுரைகளை அடுத்தடுத்துப் படிக்கும் வாசகனுக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. ஐவர் சென்றனரா, ஒருவரே ஐந்துமுறை சென்றாரா என்பதே அவ்வையம்.

இக்குறைக்குக் காரணம் எழுத்தாற்றல் இன்மை அன்று. பயணம் தொடங்குவதற்கு முன்பே அது வகுக்கப்படும் முறையில்தான் குறை இருக்கின்றது. கட்டுரை, திட்டத்தின் நகலாகவே பிறக்கின்றது. ஆதலின் பயணக் கட்டுரையைத் திறனாய முற்படுவோர் முதலில் பயணத் திட்டத்தைத் திறனாய்தல் வேண்டும்.

இரண்டு நாள் பினாங்கு

மலேசியத் தமிழர் மிகுதியாகச் சென்றுவரும் கடற்கரை நகரங்களுள் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் முதன்மையானது. வார இறுதியில் இரண்டு நாள் சென்றுவர எண்ணும் ஒரு குடும்பத்தின் திட்டம் பெரும்பாலும் இவ்வாறு அமையும். முதல் நாள் காலை கொடிமலை. நண்பகல் நாசி கண்டார். பிற்பகல் ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்கள். மாலை கர்னி கடற்கரைச் சாலை. இரண்டாம் நாள் காலை தண்ணீர்மலைக் கோயில். பிறகு ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி புத்த ஆலயம். நண்பகல் பத்து பிரிங்கிக் கடற்கரை. மாலை பாலத்தைக் கடந்து வீடு திரும்புதல்.

இத்திட்டத்தில் விடுபட்ட புகழ்பெற்ற இடம் எதுவுமில்லை. விடுபட்டவர் மனிதர்களே. கொடிமலையின் இழுவை இரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. நெடுங்காலம் பயணிகள் நடுவழி நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறி, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் உச்சியை அடைந்தனர். 2011-இல் மீண்டும் திறக்கப்பட்ட புதிய பாதையில் சில நிமிடங்களில் ஒரே ஓட்டமாக ஏறிவிடலாம். மிஞ்சிய நேரத்தில் பயணி செய்தது யாது? அடுத்த இடத்துக்கு விரைந்தான். அட்டவணை என்பது நேரத்தை மிச்சப்படுத்தும். மிச்சமான நேரத்தைத் தானே விழுங்கியும் விடும்.

ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டியில் அமர்ந்திருக்கும் இரு குழந்தைகளின் ஓவியம் 2012-இல் வரையப்பட்டது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ள மக்கள் வரிசையில் காத்திருக்கின்றனர். அவ்வோவியத்திற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 2008-இல், யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதற்கும் முன்னர் நிகழ்ந்த ஒன்றை எந்தத் திட்டமும் கூறுவதில்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சிறு வாடகையில் அக்கடைவீடுகளில் குடியிருந்தோரும் தொழில் செய்தோரும் உயர்ந்த வாடகையைத் தாங்க மாட்டாது வெளியேறினர். சுவரில் குழந்தைகள் இருக்கின்றனர். சுவருக்குப் பின்னால் வளர்ந்த குழந்தைகள் எங்குச் சென்றனர் என்பது கேட்கப்படவேண்டிய வினா. அட்டவணையில் அவ்வினாவுக்கு இடமில்லை.

பாணன் சொன்ன வழி

பயணத்திற்கு வழிகூறுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படையையும் சேர்த்து ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை இன்ன வழியே செல், இன்னாரைக் காண் என்று ஆற்றுப்படுத்துவது அவ்வகையின் அமைப்பு.

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் காட்டுகின்றது. அவ்வழியின் முதற்பகுதி கடற்கரை. எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நில ஊரைப் புலவர் முதலில் காட்டுகிறார். அவ்வூர் இன்றைய மரக்காணத்தை ஒட்டியது என்பர் ஆய்வாளர் பலர். தாழையும் புன்னையும் பூத்த கரையின் அழகு அங்கே சொல்லப்படுகின்றது. ஆனால், அழகோடு பாட்டு நின்றுவிடவில்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கி, நுளையர் குலப்பெண் காய்ச்சி வடித்த தேறலைப் பரதவர் தருவர் என்றும், சுட்ட உலர்மீன் வீடுதோறும் கிடைக்கும் என்றும் பாணன் கூறுகின்றான். அடுத்து வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு. அதற்கடுத்து ஆமூரில் உழத்தியர் தரும் வெண்சோறும் நண்டுக் கலவையும். மூன்று ஊர், மூன்று நிலம், மூன்று அடுக்களை.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாணன் ஓர் இடத்தைச் சொல்லும்போதே அங்கு வாழ்வோரையும், அவர்தம் தொழிலையும், வந்தவனை அவர்கள் எதிர்கொள்ளும் முறையையும் சேர்த்தே சொல்லுகின்றான். உணவின் பெயரை மட்டும் அவன் சொல்லி அமையவில்லை. சமைத்த கையையும் சொல்லுகின்றான். இன்றைய திட்டத்தில் நாசி கண்டார் உண்டு. அதைத் தந்த கை இல்லை. தமிழ் முசுலிம் வணிகர் சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் காவடிபோல் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்க்குத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர் அது. கண்டார் என்பது தோளில் தாங்கிய அக்காவுத்தண்டைக் குறிப்பது. அச்செய்தியை அறிந்து உண்பவனுக்கு அவ்வுணவு வயிற்றை மட்டுமன்றி வரலாற்றையும் நிரப்பும்.

ஒரு தடையும் விடையும்

ஆற்றுப்படையைப் புகழும்போது எழத்தக்க தடை ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஆற்றுப்படையும் ஒருவகை விளம்பரமே அன்றோ? வள்ளலின் புகழைப் பரப்புதற்காக, அவன் நாட்டின் வளத்தை மிகுத்துக் கூறும் பாட்டுக்கும், சுற்றுலா நிறுவனம் அச்சிடும் வண்ணத்தாளுக்கும் வேறுபாடு என்ன?

தடை வலிமையுடையதே. வஞ்சியும் மதுரையும் உறந்தையும் நல்லியக்கோடனின் கொடைக்கு ஈடாகா என்று சிறுபாணாற்றுப்படை கூறுவது புகழ்ச்சியே. ஆயினும், அதே பாட்டில் வண்ணத்தாள் ஒருநாளும் காட்டாத காட்சி ஒன்றும் இருக்கின்றது. பாணனின் பழைய அடுக்களையில் நாய் குட்டி ஈன்றிருக்கின்றது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைத் தேடுகின்றன. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் காணாதவாறு கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கின்றாள். பசியே பயணத்தின் காரணம் என்பதை அப்பாட்டு மறைக்கவில்லை. வளத்தைக் காட்டும் பாட்டு வறுமையையும் காட்டுவதால்தான் அதன் வளம் நம்பத்தக்கதாகின்றது. புகழ்ச்சியை இலக்கியமாக்கியது அந்த அடைத்த கதவே.

கங்காணி காட்டிய வழி

மலேசியத் தமிழர்க்குப் பயணம் என்னும் சொல் வெறும் பொழுதுபோக்கைக் குறிப்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் தமிழகத்துச் சிற்றூர்களுக்கு வந்து, கடல் கடந்தால் வேலை எளிது, கூலி மிகுதி என்று சொல்லி ஆள்சேர்த்தவர் கங்காணிகள். அவர்கள் சொன்னதும் ஓர் ஆற்றுப்படைதான். சென்று திரும்பியவன், செல்லாதவனுக்கு வழிகாட்டுகின்றான். வறுமை பின்னால் நின்று தள்ளுகின்றது. வளம் முன்னால் நின்று அழைக்கின்றது. அமைப்பு மாறவில்லை. மாறியது ஒன்றே: சொன்னவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கிடைத்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும்வரை அந்த ஆற்றுப்படை ஒலித்துக்கொண்டே இருந்தது.

அவ்வாறு வந்தோரில் பலர்க்கு முதற்கரை பினாங்கு. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ‘இரசூலா’ போன்ற கப்பல்கள் அத்துறையைத் தொட்டே சிங்கப்பூர் சென்றன. தொழிலாளர் நேரே நகருக்குள் விடப்படவில்லை. தொற்றுநோய்க் காப்புக்காக ஜெரெஜாக் தீவில் தங்கவைக்கப்பட்டனர். அத்தீவு பின்னர் 1969 முதல் 1993 வரை சிறைத்தீவாகவும் இருந்தது. 1985-இல் திறக்கப்பட்ட முதற்பாலத்துக்கும் 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்துக்கும் இடையே பச்சைப் போர்வை போர்த்து அது கிடக்கின்றது. பாலத்தின்மீது செல்லும் பயணி அதனை அழகிய காட்சி என்று படம் எடுக்கின்றான். அழகியது என்பதில் ஐயமில்லை. ஆனால், அவனுடைய பாட்டனோ பாட்டியோ அத்தீவிலிருந்து இக்கரையைப் பார்த்து நின்றிருக்கக்கூடும். அந்தப் பார்வையை அறியாதவன் தீவின் ஒரு பக்கத்தை மட்டுமே கண்டவனாவான்.

சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரால் ஒரு நினைவிடம் நிற்பதும், குயின் தெருவில் 1833-இல் மகாமாரியம்மன் கோயில் எழுந்ததும், அதற்குச் சிறிது தொலைவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உயர்ந்ததும் தனித்தனிக் காட்சிகள் அல்ல. கடலுக்கு அஞ்சியவர், கரையேறியவர், கரையிலே நிலைத்தவர் என்ற மூவகை மாந்தரின் சுவடுகள் அவை. அரைமணி நடையில் மூன்றையும் காணலாம். அரைநாள் அமர்ந்தால்தான் உணரலாம்.

புதினம் என்னும் வழிகாட்டி

பினாங்குக்குச் செல்லுமுன் படிக்கத்தக்க நூல் யாது என்று ஒருவர் வினவினால், சுற்றுலாக் கையேட்டுக்கு முன்னதாக ப. சிங்காரத்தின் இரு புதினங்களைச் சுட்டுதல் தகும். 1959-இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ போருக்குப் பிந்திய பினாங்கின் வட்டிக்கடை உலகைக் காட்டுகின்றது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து திரும்பிய செல்லையாவின் நிறைவேறாக் காதல் அதன் கதை. 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ மேடானுக்கும் பினாங்குக்கும் இடைப்பட்ட கடலைப் போர்க்காலச் சூழலில் காட்டுகின்றது. இவ்விரு நூல்களிலும் தெருக்கள் பெயரோடு வருகின்றன. தெருவோடு தொழிலும், தொழிலோடு பேச்சும், பேச்சோடு ஆசையும் ஏமாற்றமும் வருகின்றன. மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் செட்டிநாட்டு வழக்கும் ஒரே தெருவில் உரசிக்கொள்ளும் ஓசையைச் சிங்காரம் கேட்டிருக்கின்றார். அவருடைய நகரத்தில் காட்சி மேடை இல்லை. ஆனால் நகரம் இருக்கின்றது.

பயணக் கட்டுரையாளர்களுள் ஏ. கே. செட்டியாரும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். உலகம் சுற்றிய அவர் தம்மை முன்னிறுத்தாமல், எதிர்ப்பட்ட மனிதர் சொன்ன சிறு சொல்லையும் செய்த சிறு செயலையும் சின்னஞ்சிறு வாக்கியங்களில் எழுதினார். அந்நெறியைப் பின்பற்றியோர் சிலரே. பின்வந்தோர் பலர் அவர் சென்ற தொலைவைக் கண்டு வியந்தனர். அவர் நின்ற இடங்களைக் கண்டிலர்.

செய்யத்தக்கது

இரண்டு நாளில் ஒரு நகரை அறிதல் இயலுமா என்று கேட்டு, உழைத்துக் களைத்த குடும்பத்தின் குறுகிய விடுமுறையைப் பழிப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்வோர்க்கு இரண்டு நாள் ஓய்வு கிடைப்பதே அரிது. அவர்கள் கடலைக் கண்டு மகிழ்வதற்கு யாருடைய இசைவும் வேண்டியதில்லை. பழி எழுத்தாளனுக்கே உரியது. அவன் கண்டு மகிழ மட்டும் செல்வதில்லை. பிறர்க்குச் சொல்லவும் செல்கின்றான். சொல்லப் புகுந்தவன் பாணனின் கடமையை ஏற்றவனாவான்.

அவன் தன் திட்டத்தில் செய்யவேண்டிய மாற்றம் பெரிதன்று. எட்டு இடங்களை நான்காகக் குறைக்கலாம். அவற்றுள் ஒன்றையேனும் காட்சிக்காக அன்றி மனிதர்க்காகத் தேர்ந்தெடுக்கலாம். பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பகுதியில் ஒரு முற்பகல் நடக்கலாம். பாலத்தை விடுத்து பட்டர்வொர்த்திலிருந்து படகில் ஏறித் தீவை அடையலாம். முதற்பாலம் திறக்கப்படும்வரை பலர் நகரை அவ்வாறுதான் முதலில் கண்டனர். கர்னி கடற்கரைச் சாலையில் நிற்கும்போது, முன்பு அலை மோதிய இடத்தில் கடலைத் தூர்த்து நிலம் ஆக்கியிருப்பதைக் கண்டு, அங்கு மீன் பிடித்தோர் யாரென்று வினவலாம். விடை கிடைக்காமற் போகலாம். கிடைக்காமையையும் எழுதலாம்.

பயணத் திட்டம் ஊரைப் படிப்பதற்கு எழுதப்படும் முன்னுரை. முன்னுரையில் மனிதர் இல்லையெனில் நூலிலும் இரார். எயிற்பட்டினத்துப் பரதவர் யாரென்று இன்று அறிவார் இல்லை. அவர்கள் பெயர்களைப் புலவரும் கூறவில்லை. ஆயினும் வீடுதோறும் மீன் சுட்டுக்கொடுத்த அவர்தம் அன்பு ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மறையவில்லை. வழிசொன்னவன் அவர்கள் வாயிலில் நின்று உண்டவன் ஆதலால் அது நிலைத்தது. மலேசியத் தமிழில் எழுதப்படும் அடுத்த பினாங்குக் கட்டுரையேனும் ஒரு வாயிலில் நின்ற கட்டுரையாக அமையுமாயின், ஆற்றுப்படை மரபு கடல் கடந்தும் அறுபடவில்லை என்று துணிந்து கூறலாம்.