உப்பு விளையாத மாதங்களில் மரக்காணம்

காலாண்டு விடுமுறையிலும், ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டிக் கிடைக்கிற நாட்களிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பம் குடும்பமாகக் கார்கள் போகின்றன. மரக்காணம் வந்ததும் சாலையின் இரு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். யாராவது ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, “உப்பையே காணோமே” என்று திரும்ப ஏறிவிடுவார். புதுச்சேரி இன்னும் 35 கிலோமீட்டர்தான், அங்கே போய்ச் சேர்கிற அவசரம்.

ஐப்பசியில் உப்பைக் காண முடியாது என்பது உண்மை. ஆனாலும் சின்னப் பிள்ளைகளோடு உப்பளம் பார்க்க இதைவிட நல்ல பருவம் இல்லை என்பேன். சித்திரையில் அந்த வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். நிற்க நிழல் இருக்காது. விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுவதால் நாம் எங்கே நின்றாலும் யாருக்காவது இடைஞ்சல். மழை மாதங்களில் வெயில் தணிந்திருக்கும், வேலையும் ஓய்ந்திருக்கும். உப்பு மூடியிராததால் அளத்தின் அமைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எது வரப்பு, எது வாய்க்கால், தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே தேங்குகிறது என்பதை ஆறு வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

அந்தக் கண்டுபிடிப்பைப் பிள்ளைக்கே விட்டுவிட வேண்டும். “இதுதான் உப்பளம்” என்று பாடம் எடுக்காமல், “இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருது, பாரு” என்று கேட்டால் போதும். கடல் பக்கம் கையைக் காட்டும். கடலில் அலை இருக்கிறதே, இங்கே ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி தானாக வரும். கழிமுகம் வழியாக உள்ளே ஏறுகிற கடல் நீரும், நிலத்தடியில் ஊறும் உவர்நீரும்தான் இந்தக் கரையின் மூலப்பொருள். அதை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுவார்கள். கொஞ்சம் சுண்டியதும் அடுத்த பாத்தி, இன்னும் சுண்டியதும் அதற்கடுத்தது. தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பிறகுதான் உப்பு தரையில் படியத் தொடங்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருக்கும் உப்பு சுமார் 35 கிராம். நல்ல மழை ஒன்று பெய்தால் பல நாள் வெயிலின் உழைப்பு ஒரே ராத்திரியில் கரைந்துபோகும். அதனால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் சீசனை முடித்துவிடுகிறார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் மறுபடி பாத்தியில் இறங்குவார்கள்.

காலை ஆறரை மணிக்கு அங்கே இருந்தால் நல்லது. சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் முந்தின இரவே புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ தங்கிவிடலாம். பிரதான சாலையில் வண்டிகள் பறக்கும். அதன் ஓரத்தில் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். ஊருக்குள்ளிருந்து பிரியும் கிளைப்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு, அளத்தில் யாராவது இருந்தால், “அண்ணே, பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் காட்டிக்கலாமா?” என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். பாத்திக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. அந்தக் களிமண் தரையை மனிதர்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். நாம் ஓடி விளையாடிக் குழிபறித்தால் தையில் இன்னொருவர் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வரப்பிலேயே நிற்கலாம், குந்தி உட்காரலாம். பெரியவர்களும் உட்கார வேண்டும். பிள்ளையின் கண் இருக்கிற உயரத்துக்கு நம் கண் இறங்கினால்தான் அது எதைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியும்.

அப்படி உட்கார்ந்தால் முதலில் தெரிவது வரப்பின் விளிம்பு. மழை கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தால், காய்ந்த சேற்றின் மேல் நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக்கோடு ஓடும். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைக்கத்தான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். அங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கல்லுப்பில் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, கைப்பேசி கேமராவை அந்தக் கோட்டுக்கு அருகில் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் காட்டுங்கள். சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். எவ்வளவு சிறிதானாலும் உப்புப் படிகத்தின் மூலைகள் செங்கோணம்தான். அசையாத நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி வளரும் படிகம் இன்னும் அழகு: நடுவில் குழிந்து, ஓரங்களில் படிப்படியாக உயர்ந்து, ஒரு குட்டித் தெப்பக்குளம்போல இருக்கும்.

இதை மழை நாளில் வீட்டுக்குள்ளேயே விளைவிக்கலாம். வெந்நீரில் கல்லுப்பைக் கரையும் மட்டும் கரைத்து, வடிகட்டி, அகலமான தட்டில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் அலமாரி மேல் வைத்துவிடுங்கள். ஈரக்காற்றில் மெதுவாகத்தான் காயும். மெதுவாகக் காய்ந்தால் படிகம் பெரிதாகும், அவசரப்பட்டு அடுப்பின் பக்கத்தில் வைத்தால் பொடிப்பொடியாகப் போகும். எங்கள் வீட்டில் தீபாவளி விடுமுறையின் பாதி நேரம் அந்தத் தட்டைச் சுற்றித்தான் கழியும். “இன்னிக்கு எத்தனை மூலை வந்திருக்கு?” என்று காலையில் பல் தேய்க்கும் முன்பே எண்ணிக்கை தொடங்கிவிடும்.

இனிப் பறவைகள். அளத்துக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கழுவெளியும் இந்த உப்பளங்களும் பறவைகளுக்கு ஒரே நிலம்தான். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று கழுவெளியைச் சொல்வார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில், 5,151 ஹெக்டேர் பரப்போடு, உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரையைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். கூட்டம் பெருகுவது மழை ஓய்ந்த பிறகுதான், அது வராத நாளில் மொத்தப் பயணமும் பிள்ளைக்கு ஏமாற்றமாகிவிடும். அநேகமாக எந்த நாளும் கண்ணில் படுவது நெடுங்கால் உள்ளான். கறுப்புச் சிறகு, வெள்ளை உடம்பு, ஊசிபோல் அலகு, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால்கள். பறக்கும்போது அந்தக் கால்கள் வாலைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு உள்ளானைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை அடி வைத்து எத்தனை முறை கொத்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பறவையின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதைவிட இது நன்றாக மனதில் நிற்கும். சேற்றில் அது விட்டுப்போன மூன்று விரல் தடத்தையும் காட்டுங்கள்.

பூநாரை கண்ணில் பட்டுவிட்டால், அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரைச் சலித்துச் சாப்பிடுவதைப் பொறுமையாகப் பாருங்கள். உவர்நீரில் வளரும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமிதான் அதன் இறகில் சிவப்பாக ஏறுகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். “அப்ப அது சாப்பிடச் சாப்பிடத்தான் கலரு வருமா?” என்று சின்னவள் கேட்டாள். சோறு ஊட்டுகிற நேரத்துக்கு அந்தக் கேள்வி இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது.

பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நமக்கு விடுமுறையாக இருக்கும் இந்த மாதங்கள்தான் உப்பளத் தொழிலாளிக்கு வருமானம் இல்லாத மாதங்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டிய நேரத்தில் கூலி நின்றிருக்கும். தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் வழங்குகிறது. ஒரு குடும்பம் மூன்று மாதம் தாங்க அது எப்படிப் போதும்? ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். சீசனில் வெறுங்காலோடு உப்புநீரில் நின்று பலகையால் வாரும்போது கால் வெடித்துப் புண்ணாவதையும், வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெடுவதையும் அந்த மனிதர்களே சொல்லக் கேட்கலாம். பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள், பேச விருப்பம் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அவர்களைப் பின்னணியாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். திரும்பும்போது உள்ளூர்க் கடையில் ஒரு மூட்டைக் கல்லுப்பு வாங்குங்கள். கெட்டுப்போகிற பொருள் அல்ல, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

இந்தக் கரையில் உப்போடும் பிள்ளைகளோடும் பயணம் போனவர்கள் நாம் மட்டும் இல்லை. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு இன்றும் இடைக்கழிநாடு என்றுதான் பெயர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் அந்தப் பாட்டில் வருகிற எயிற்பட்டினத்தை மரக்காணமாக அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதே பாட்டில், கொற்கையைச் சொல்லும் இடத்தில், உப்பு வண்டிகளோடு வந்த குரங்கு ஒன்று, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, உப்பு வணிகரான உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. உமணர்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்ததே பாதையில்தான். காரில் திரும்பும் வழியில் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. கிளிஞ்சலுக்குள் நாலு உப்புக்கல்லைப் போட்டு ஆட்டிப் பார்க்கவும் செய்யலாம்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினாலோ தூறல் பிடித்தாலோ மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுங்கள். சோழர் காலக் கற்றளி, சுவரெங்கும் கல்வெட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு வேட்டை வைக்கலாம். ‘ட’வும் ‘ப’வும் ஆயிரம் ஆண்டில் அதிகம் மாறவில்லை. இரண்டையும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், சுவரைச் சுரண்டாமல், சுண்ணாம்பு தேய்க்காமல், கண்ணால் மட்டும். கடப்பாக்கத்தின் ஆலம்பரைக் கோட்டை இன்னொரு நாளுக்கு இருக்கட்டும். 1750-ல் முசாபர் ஜங் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது என்று அதற்குத் தனிக்கதை உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைத்தால் மதியத்துக்குள் பிள்ளை அழும், அப்பாவுக்கு எரிச்சல் வரும், அம்மாவுக்குத் தலைவலி வரும்.

பிறந்தநாள் இந்த மாதங்களில் வந்தால் அதையும் இங்கே கொண்டாடலாம். கேக்கை வீட்டிலேயே வெட்டிவிட்டு வாருங்கள். பலூன், மினுமினுப்புத் தாள், வெடித்துச் சிதறும் காகிதப் பொடி எதுவும் வேண்டாம். காற்று அள்ளிக்கொண்டு போனால் போய் விழுவது பாத்தியிலும் பறவை இரை தேடும் சேற்றிலும்தான். கட்டுச்சோறாகப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். பிறந்தநாள் மிட்டாயை அளத்துப் பக்கம் விளையாடுகிற பிள்ளைகளோடு, அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, நம் பிள்ளையே பகிரட்டும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பாட்டி கையில் அன்று வாங்கிய கல்லுப்பைக் கொடுங்கள். மிளகாயோடு சேர்த்துச் சுற்றிப் போட்டு அடுப்பில் கொட்டினால் படபடவென வெடிக்கும். எந்தப் பாத்தியிலிருந்து வந்த உப்பு என்று தெரிந்த பிள்ளை அந்தச் சத்தத்தை வேறு மாதிரி கேட்கும்.

கடலை மட்டும் கரையில் நின்று பார்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடலில் இழுப்பு அதிகம், மீனவர்களே இறங்க யோசிக்கும் நாட்கள் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று பிள்ளையை விடாதீர்கள். புறப்படும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்தது மரக்காணத்துக்குப் பக்கத்தில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்த மாவட்டத்தையே மூழ்கடித்தது. எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகளுக்குக் குடை, மாற்றுத்துணி, கழுவக்கூடிய செருப்பு, வீட்டிலிருந்தே குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். காலில் சிராய்ப்பு இருந்தால் உப்புநீர் பட்டு எரியும், முன்பே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாருங்கள். மழை நீரை வடித்துவிட்டுப் பாத்தியை மிதிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். மாசி, பங்குனியில் இன்னொரு முறை வந்தால் அதே வரப்பில் நின்று முதல் உப்பு வாருவதைப் பார்க்கலாம்.