எரியாமல் தப்பிய பொம்மைகள்

வலென்சியா நகரின் ஃபாயாஸ் திருவிழாவைப் பற்றிய எந்தக் காணொளியும் கடைசியில் நெருப்பில்தான் போய் நிற்கும். பார்த்தவர்களும் நெருப்பைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்த நெருப்பைவிட, அதிலிருந்து எது காப்பாற்றப்படுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. அங்கேதான் இந்த விழா தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

தெரியாதவர்களுக்கு: ஸ்பெயினின் வலென்சியாவில் கிட்டத்தட்ட 400 பேட்டைக் குழுக்கள் மார்ச் நடுவில் தங்கள் தெருமுனைகளில் மாபெரும் பொம்மைக் கோபுரங்களை எழுப்புகின்றன. ஒவ்வொரு கோபுரமும் ஒரு ஃபாயா. அதில் நிற்கும் உருவங்களுக்கு நினோட் என்று பெயர். அரசியல்வாதி, பாதிரியார், வங்கிக்காரர், பக்கத்துத் தெரு ஆள் என்று அந்த வருடம் யார் வாய்க்கு வந்தார்களோ அவர்களை வெச்சு செய்வதுதான் ஃபாயாவின் வேலை. மார்ச் 19, புனித ஜோசப் நாள் இரவில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். நம் நேரத்துக்கு 20ஆம் தேதி விடிகாலை. நேரலையில் பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குக் கிளம்பலாம்.

நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். ஒன்று எப்படி விழாமல் நிற்கும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. ஃபாயா கட்டும் கலைஞனுக்கு அதோடு வேலை முடிவதில்லை. இருபக்கமும் அடுக்குமாடி வீடுகள். நடுவில் எரியும் கோபுரம் எந்தப் பக்கம் சரியும் என்பதையும் அவன் யோசித்தாக வேண்டும். உள்ளே மரச்சட்டம். வெளியே, முன்பு மெழுகு முகமும் துணியும், பிறகு அச்சில் எடுத்த காகிதக்கூழ் அட்டை. கடந்த சில பத்தாண்டுகளாக அந்த இடத்தைத் தெர்மாகோல் பிடித்துக்கொண்டது. இழைத்தால் பளிங்குபோல் வழவழப்பு, எடையும் இல்லை, எவ்வளவு உயரத்துக்கும் போகலாம். எரியும்போது மட்டும் கரும்புகை. பொறியாளனாக எனக்கு அந்த வழவழப்பு பிடிக்கிறது. வாசகனாக அதன் மேல்தான் சந்தேகமே வருகிறது. கேலிச்சித்திரத்துக்கு எதற்கு இத்தனை அழகு?

இந்த அழகு எப்போது ஆரம்பித்தது என்று தேடிப்போனால் 1901இல் போய் நிற்கிறோம். அந்த வருடம்தான் நகராட்சி முதல்முறையாக ஃபாயாக்களுக்குப் பரிசு கொடுத்தது. யாரைத் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த தெரு, நடுவர் என்ன நினைப்பார் என்றும் யோசிக்கத் தொடங்கியது. திட்டு வாங்கும் அதிகாரமே பரிசையும் கொடுத்தால் என்ன ஆகும்? ஃபாயா உயரும், மெருகேறும், மெல்ல மரியாதையும் கற்றுக்கொள்ளும். ஃபிராங்கோ காலத்தில் வரைபடமும் வாசகமும் தணிக்கைக்குப் போய்த்தான் திரும்பி வந்தன. தணிக்கையாளன் போன பிறகும் பரிசு இருந்தது. 2009இல் நௌ கம்பனார் பேட்டை ஒரே ஃபாயாவுக்கு 9 லட்சம் யூரோ செலவழித்தது. இன்று ‘சாமர்த்தியமும் நகைச்சுவையும்’ என்று தனியாக ஒரு பரிசுப் பிரிவே இருக்கிறது. கேலிக்காகவே பிறந்த வடிவத்தில் கேலிக்குத் தனிப் பரிசு வைக்கிறார்கள் என்றால், மற்ற பரிசுகளெல்லாம் எதற்கு?

இனி காப்பாற்றப்படுவதற்கு வருவோம். 1934 முதல், ஒவ்வொரு ஃபாயாவும் அனுப்பும் உருவங்களைக் கண்காட்சியில் வைத்து, மக்கள் வாக்களித்து ஒன்றுக்கு மன்னிப்புக் கொடுக்கிறார்கள். அது எரியாது, அருங்காட்சியகத்துக்குப் போகும். முதல் மன்னிப்பு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றிலும் தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும் ஏராளம். சுருக்கம் விழுந்த கை, கனிந்த பார்வை, வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை யாரையும் சீண்டுவதில்லை. நகரம் தன்னைப் பார்த்துச் சிரித்ததையெல்லாம் எரித்துவிட்டு, தன்னைப் பார்த்து உருகியதை மட்டும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறது. ஃபாயாஸின் நினைவகத்தில் ஃபாயாஸின் குணம்தான் குறைவு.

அப்படியானால் கேலி எங்கே போனது? காகிதத்துக்கு. ஃபாயாவை விளக்கும் செய்யுள்களை வலென்சிய மொழியில் சிறு புத்தகமாக அச்சிடுவார்கள். அதன் பெயர் லிப்ரெட். முதல் லிப்ரெட்டை 1855இல் அல்மோதி சதுக்கத்து ஃபாயாவுக்காக எழுதியவர் ஜோசப் பெர்நாத் இ பல்தோவி என்ற நாடகாசிரியர். ஒரு முயலை வைத்துப் பின்னிய இரட்டை அர்த்தச் செய்யுள்கள். சம்பந்தப்பட்ட ஃபாயா சாம்பலாகி 170 வருடங்கள் ஆகின்றன, கேலி இன்னும் அச்சில் இருக்கிறது. இலக்கிய வாசகர்களான நாம் ஃபாயாஸை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கோபுரம் சொல்லத் தயங்கியதைத் தெருப்பேச்சு மொழியில் சொல்லிவிட்டுப் போகும் புத்தகம் அது.

பரிசு எல்லாவற்றையும் கெடுத்தது என்று இங்கே முடித்துவிடலாம்தான். முடியவில்லை. இன்று மாநில அரசு வலென்சிய மொழி லிப்ரெட்டுகளுக்கும் பரிசு கொடுக்கிறது. அதன் ஊக்கத்தில் சில பேட்டைகள் தடித்த இலக்கிய மலர்களையே கொண்டுவருகின்றன. ஸ்பானிஷின் நிழலில் நிற்கும் ஒரு மொழிக்கு இது சின்ன விஷயம் இல்லை. கோபுரத்தின் பல்லைப் பிடுங்கிய அதே பரிசுப் பழக்கம் மொழிக்குக் கொஞ்சம் சோறு போடுகிறது. இரண்டும் உண்மைதான்.

பல் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை என்பதற்கு 2020ஐச் சொல்வேன். மார்ச் 10 அன்று கொரோனாவால் விழா தள்ளிவைக்கப்பட்டபோது, நகராட்சிச் சதுக்கத்தில் எஸ்கிஃப் என்ற தெருஓவியர் வடிவமைத்த ஃபாயா பாதி எழும்பியிருந்தது. கண்மூடித் தியானிக்கும் பெண். தலைப்பு, ‘இதுவும் கடந்து போகும்’. அந்த ராட்சத முகத்துக்கு யாரோ ஒரு முகக்கவசம் மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். அதுவரை வெறும் ஆறுதல் வாசகமாக இருந்த தலைப்பு, ஒரே நாளில் நக்கலாகவும் பயமாகவும் பிரார்த்தனையாகவும் மாறியது. வரைபடத்தில் இல்லாத, எந்த நடுவரும் மதிப்பெண் போடாத ஒரு துண்டுத் துணி செய்த வேலை அது. சமீப காலத்தின் மிகச் சிறந்த ஃபாயா எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.