அக்கரையில் நின்ற தாய்

திருச்சிராப்பள்ளித் தலவரலாற்றைப் பாடும் சைவ எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம், பேறு பார்க்கும் தொழிலுக்குப் பெருமை சேர்த்த நூல் எனலாம். இரத்தினாவதி பேறுகால வேதனையில் துடிக்கிறாள். காவிரி வெள்ளம் அவள் தாயை அக்கரையில் தடுத்துவிடுகிறது. இறைவனே தாயுருக் கொண்டு வந்து பேறு பார்க்கிறான். தாயுமானவர் என்னும் திருப்பெயர் அப்பணியால் வந்ததே.

ஆயினும், கதை கேட்போர் நெஞ்சம் இக்கரையிலேயே தங்கிவிடுகிறது. அக்கரையில் நின்ற தாய் என்ன பாடுபட்டிருப்பாள்?

இவ்வினாவை நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வைத்து எண்ணிப் பார்த்தல் தகும். போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பிள்ளைகள் லயத்து வீடுகளிலேயே பிறந்த காலம் ஒன்றுண்டு. நள்ளிரவில் தட்டப்படுவது மருத்துவச்சியின் கதவே. அவளுக்கே வயிற்றில் அறுவை நடந்தால்? ஆறு வாரமேனும் பாரம் தூக்கலாகாது. தண்ணீர்க்குடத்திற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருக்க வேண்டும். நான்கு வீடு தள்ளி ஒருத்தி வலியால் கதறுவது செவியில் விழும். எழுந்து செல்ல இயலாது. வெள்ளமின்றியே அவளும் அக்கரையில் நிற்கிறாள்.

புராணத்தில் இறைவன் வந்தான். லயத்தில் அண்டை வீட்டுப் பெண்களே வந்தாக வேண்டும். 1966ஆம் ஆண்டு மருத்துவச்சியர் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவை விதித்தது. இன்று பேறுகாலம் மருத்துவமனைக்குரியதாகிவிட்டது. எனினும், அவ்வாழ்வை அறிந்த முதியோர் இன்னும் உளர். பிறப்பின் மகிழ்ச்சியைப் பாடுதல் எளிது. வரவியலாதவளின் தவிப்பை எழுதுவதே தோட்டப்புற இலக்கியத்தின் கடன். அதற்கு, மாணவர் முதற்கண் தம் பாட்டியரை அணுகிக் கேட்டறிதல் வேண்டும்.