இரண்டாவது பெயர்

"ரெண்டு ஐடி எதுக்கு? மறைக்க என்ன இருக்கு?" எங்கள் மம்சாபுரத்தில் இந்தக் கேள்வி பெண்பிள்ளைகளை நோக்கியே வருவதை நான் கவனித்திருக்கிறேன். பையன் மூன்று கணக்கு வைத்திருந்தால் அது அவன் சௌகரியம். இந்தப் பாகுபாடு கைபேசியோடு வந்ததல்ல. நம் எழுத்தாளர்களின் புனைபெயர்களிலேயே இருக்கிறது.

எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே பிரபலம். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு 'சுஜாதா' ஆனார். சொந்தப் பெயர் தெரிந்ததால் அவர் எதையும் இழக்கவில்லை. துவரங்குறிச்சி சல்மாவின் நிலை வேறு. வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றது. புகுந்த வீட்டில் எழுதத் தடை. இரவில் ஒளிந்து எழுதியதை அம்மா வழியாக வெளியே அனுப்பினார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் வெளிவந்ததும் புனைபெயரில்தான். அவருக்கு அந்தப் பெயர் உள்தாழ்ப்பாள்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை ஒளியவில்லையே என்பார்கள். ஆம், வேட்கையைத் தன் பெயரிலேயே பாடினாள். ஆனால் திருப்பாவையின் கடைசிப் பாட்டில் தந்தையின் பெயரை முன்னிட்டே தன் பெயரைச் சொல்கிறாள். பாடப்பட்டவன் கடவுள் என்பதால் ஊரும் அதைப் போற்றியது என்பது என் வாசிப்பு. மனிதனைப் பாடும் பெண்ணுக்கு அந்தக் காவல் கிடையாது.

இன்றைய மாணவியின் முதல் மின்னஞ்சல் பெரும்பாலும் கல்லூரி விண்ணப்பத்துக்காக அண்ணன் திறந்து கொடுத்தது. கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போகும். அதில் உதவித்தொகை கேட்கலாம். கவிதை அனுப்பவோ, சாதி தாண்டிய நட்பைப் பேசவோ முடியாது. அதற்குத்தான் இரண்டாவது முகவரி.

ஃபேஸ்புக்கோ அன்றாடம் வழங்கும் பெயரில்தான் கணக்கு வேண்டும் என்கிறது. 2014இல் அமெரிக்காவில் பெண்வேடக் கலைஞர்கள் எதிர்த்தபோது மன்னிப்புக் கேட்டது, விதியைக் கைவிடவில்லை. சொந்தப் பெயரால் ஆபத்தே வராதவர்களுக்கான விதி அது.

பொய்ப்பெயரில் வந்து பெண்களை ஏசுகிற ஆண்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களுடைய முகமூடி அடிப்பதற்கு. இவளுடையது அடிபடாமல் இருப்பதற்கு. ஆகவே எத்தனை பெயர் என்று எண்ண வேண்டாம். பெயர் வெளிப்பட்டால் யாருடைய படிப்பு நிற்கும், யாருக்கு அவசரக் கல்யாணம் நடக்கும் என்று கேளுங்கள். அந்தப் பயம் தீரும்வரை அவளிடம் விளக்கம் கேட்க யாருக்கும் உரிமையில்லை.