தரங் சக்தி: கூடப் பறந்தா கூட்டணி ஆயிடுமா?

2024 ஆகஸ்டில் கோவைக்குப் பக்கத்துல சூலூர் விமானப்படைத் தளத்தில் 'தரங் சக்தி' பயிற்சியின் முதல் கட்டம் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் போர் விமானங்கள் வந்திருந்தன. அப்போதிலிருந்து வாட்ஸ்அப்பிலும் டீக்கடையிலும் ஒரு வாதம் ஓடிக்கிட்டே இருக்கு: "நேட்டோ நாடுகளே நம்மகூட பறக்குறாங்க, இனி அணுகுண்டைக் காட்டி நம்மை எவன் மிரட்டுவான்?" இதில் பயிற்சி, கூட்டணி, அணு ஆயுதத் தடுப்பு என்று மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. பிரிச்சுப் பார்ப்போம்.

முதலில், வந்த நாலு பேரும் அணு ஆயுத விஷயத்தில் ஒரே நிலையில் இல்லை. பிரான்ஸின் ரஃபேல் சொந்த அணு ஏவுகணையைச் சுமக்கும். ஆனால் நேட்டோவின் அணுத் திட்டக் குழுவில் பிரான்ஸ் கிடையாது. ஜெர்மனிக்குச் சொந்த அணுகுண்டு இல்லை. அமெரிக்காவின் பி-61 குண்டைச் சுமக்கும் வேலை டொர்னாடோவுக்கு, சூலூருக்கு வந்த யூரோஃபைட்டருக்கு அல்ல. பிரிட்டன் விமானத்திலிருந்து போடும் அணுகுண்டை 1998லேயே கைவிட்டு, நீர்மூழ்கிகளை மட்டும் நம்பியது. ஸ்பெயின் தன் மண்ணில் அணு ஆயுதமே வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் 1986 வாக்கெடுப்பில் நேட்டோவில் நீடித்தது. இதில் எந்தக் குடை நமக்கு?

சூலூர் முடிந்து இரண்டே மாதத்தில், அக்டோபரில், நேட்டோ தன் வருடாந்திர அணுப் பயிற்சியான 'ஸ்டெட்ஃபாஸ்ட் நூன்' நடத்தியது. 13 நாடுகள், 60க்கும் மேற்பட்ட விமானங்கள். நிஜ குண்டு இல்லாமல்தான் பறப்பார்கள். ஆனால் அதற்குப் பின்னால் "ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்வோம்" என்ற ஒப்பந்தப் பிரிவு இருக்கு. சூலூருக்குப் பின்னால் அப்படி ஒரு வரிகூட இல்லை. நம்ம பாஷையில் சொன்னா, சூலூர் ஒரு இன்டக்ரேஷன் டெஸ்ட். இரண்டு சிஸ்டம் ஒழுங்கா பேசிக்குதான்னு பார்க்கிறது. அது ரொம்பவே பயனுள்ளது. ஆனா டெஸ்ட் பாஸ் ஆச்சுங்கிறதுக்காக சப்போர்ட் கான்ட்ராக்ட் கையெழுத்தாகிடாது.

சரி, நம் சொந்தத் தடுப்பு? 2003 ஜனவரியில் அறிவித்த கொள்கைப்படி நாம் முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம். எந்த விமானம் அணுகுண்டு சுமக்கும் என்று அரசு சொல்வதில்லை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் மிராஜ் 2000ஐ அந்தப் பட்டியலில் வைக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் பாலாகோட்டில் சாதாரண குண்டு போட்டதும் மிராஜ் 2000தான். ரேடாருக்கு விமானம் தெரியும். இறக்கைக்குக் கீழே தொங்குவது என்னன்னு தெரியாது. எதிரில் இருப்பவர் சில நிமிடங்களில் முடிவெடுக்கணும். இந்தக் குழப்பமே ஒரு தடுப்புதான் என்பார்கள். பாதி உண்மை. பயப்பட வைக்கிற அதே குழப்பம் அவசரப்படவும் வைக்கும்.

2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. விமானப்படை அதிகாரிகள் மூவர் பதவிநீக்கம் செய்யப்பட்டனர். நல்ல வேளை, எதிர்த்தரப்பு பொறுத்துப் பார்த்தது. இரு நாட்டுக்கும் இடையே 2005ல் போட்ட முன்னறிவிப்பு ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளுக்கு மட்டும்தான். பிரம்மோஸ் போன்ற குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. போர் விமானங்கள் எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்கிற 1991 ஒப்பந்தமும் ஒன்று இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்?

சூலூரில் விமானங்கள் பறந்ததை ரசிப்பதில் தப்பே இல்லை, நானும் வீடியோ எல்லாம் பார்த்தேன். ஆனால் நம்மைப் பாதுகாப்பது வந்துபோன யூரோஃபைட்டர் இல்லை. அந்த 2005 ஒப்பந்தத்தில் குரூஸ் ஏவுகணையை எப்போ சேர்க்கப் போறீங்கன்னு நம்ம எம்.பி. யாராவது நாடாளுமன்றத்தில் கேட்டால், அது இந்த வாட்ஸ்அப் கொண்டாட்டம் மொத்தத்தையும்விடப் பெரிய காரியம்.