மலைக்கு ஒரு முன்கணக்கு

மலைச்சரிவின் வெட்டுமுகத்தைக் கணினித் திரையில் பார்ப்பது எனக்குப் பெரும் ஆனந்தம். மேலே தளர்ந்த மண், அடியில் பாறை, நடுவே நீலக் கோடாய் நிலத்தடி நீர். மழையைக் கூட்டினால் கோடு மேலேறும். நீரழுத்தம் மண்ணின் பிடியைத் தளர்த்தும். சரிவைச் செங்குத்துத் துண்டங்களாக்கி, தாங்கும் வலிமையை இழுக்கும் விசையால் வகுக்கிறது கணினி. விடை ஒன்றுக்குக் கீழே இறங்கினால் மலை நிற்காது. எனக்கு மிகப் பிடித்தது அடுத்த கட்டம்: சரிவுக்குள் ஒரு வடிகாலை வரைந்து மறுபடி ஓட்டலாம். நீர்க்கோடு தாழ, எண் ஏறும். ஒரு மண்வெட்டியும் படாமலே எங்கே தோண்டுவது என்று தெரிந்துவிடுகிறது!

இந்தக் கணக்கு வெறும் விளையாட்டல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை, இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்த மீரியபெத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மண்சரிவு மூடியது. அங்கே ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தது. மக்கள் குடிபெயர மாற்றுக் காணிதான் கிடைக்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இத்தகைய சரிவை முன்கூட்டியே கணக்கிட, கணினிக்குத் தீனி களத்திலிருந்துதான் வரவேண்டும்: துளையிட்டு எடுத்த மண், நீர்மட்ட அளவீடு, மழைமானி. தேயிலைக்காகத் தோட்ட அலுவலகங்கள் குறித்துவைக்கும் மழைக்கணக்கும் இதில் சேரட்டும். பதுளையின் ஒவ்வொரு லயத்துக்கும் மேலிருக்கும் சரிவு இப்படிக் கணக்கிடப்பட வேண்டும். விடை மோசமானால் காணியும் வீடும் உடனே வேண்டும்.